சொட்டுகிற குழாயை இறுக்கித் திருகாதீர்கள்

எங்கள் வீட்டுக் கொல்லைப்புறத்தில், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய் இருந்தது. அதை மூடுவதற்கு அம்மா ஒரு முறை வைத்திருந்தார். முதலில் வெறுங்கையால் திருகுவார். சொட்டு நிற்காது. புடவைத் தலைப்பைக் கைப்பிடி மேல் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறுக்கு. அதற்கும் அடங்காவிட்டால் என்னைக் கூப்பிடுவார். நான் வந்து அதற்கும் மேலே ஒன்று. ஏறக்குறைய ஒரு வருஷம் இப்படியே ஓட்டினோம். ஒருநாள் சாயங்காலம் கைப்பிடி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டே இருந்தது.

மொட்டைமாடிக்கு ஓடிப்போய், தொட்டித் தண்ணீரை அடைக்கிற கேட் வால்வை மூடிவிட்டுப் பிளம்பரைக் கூப்பிட்டோம். அவர் குழாயைக் கழற்றி, உள்ளே இருந்த ஒரு கறுப்பு வட்டத்தை என் உள்ளங்கையில் வைத்தார். ரப்பர். அதன் மேல் கத்தியால் கீறியது மாதிரி வட்டமாக ஒரு பள்ளம். ஒரு பக்கம் பிய்ந்தே போயிருந்தது. "போன வருஷமே கூப்பிட்டிருந்தா இந்த வாஷரோட போயிருக்கும் சார். இப்ப குழாயே போச்சு" என்றார்.

குழாயைப் பற்றி நாம் பேசுவதெல்லாம் பெரும்பாலும் கேள்விஞானம்தான். "சொட்டுதா, இன்னும் கொஞ்சம் இறுக்கு." "டெப்லான் டேப் சுத்தினா சரியாப் போயிடும்." "கனமா இருந்தா நல்ல குழாய்." "காந்தம் ஒட்டலைன்னா பித்தளை." இந்த நான்கையும் நம்பி நான் காசை விட்டிருக்கிறேன். நான்கிலும் ஆளுக்குக் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பதுதான் வம்பு. குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று ஒருமுறை பிடிபட்டுவிட்டால், எது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று தானே விளங்கும்.

அதற்கு முன் ஒரு சின்ன ஏற்பாடு. நம் பேச்சில் சுவருக்குள் ஓடுவதும் குழாய், வாளிக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதும் குழாய். இங்கே திறந்து மூடுவதை மட்டும் குழாய் என்கிறேன். சுவருக்குள் ஓடுவது பைப்.

## குக்கர் காஸ்கெட்டும் குழாய் வாஷரும்

குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். மூடியும் உலோகம், பாத்திரமும் உலோகம். எவ்வளவு அழுத்தி மூடினாலும் இரண்டும் சேருகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத இடுக்கு இருக்கும். ஆவி அதன் வழியே நழுவிவிடும். நடுவே ஒரு ரப்பர் காஸ்கெட் போட்டதும் அது மேடுபள்ளத்துக்கு ஏற்ப வளைந்துகொடுத்து இடுக்கை அடைக்கிறது. காஸ்கெட் பழசாகி விறைத்துப்போனால் பக்கவாட்டில் ஆவி சீறும், விசில் வராது. அப்போது யாராவது மூடியின் மேல் ஏறி உட்காருவோமா? காஸ்கெட்டைத்தான் மாற்றுவோம்.

பழைய பாணித் திருகு குழாயும் இதே கதைதான். உள்ளே தண்ணீர் ஏறிவர ஒரு வட்டத் துளை. துளையைச் சுற்றிச் சற்றே உயர்ந்த, வழவழப்பான பித்தளை விளிம்பு ஒன்று இருக்கும். அதற்கு சீட் என்று பெயர். கைப்பிடியோடு சேர்ந்து ஏறி இறங்கும் திருகுத் தண்டு ஸ்பிண்டில். ஸ்பிண்டிலின் அடியில் இருக்கும் ரப்பர் வட்டம் வாஷர். கைப்பிடியைத் திருகினால் ஸ்பிண்டில் இறங்கி, வாஷரைச் சீட்டின் மேல் உட்கார வைக்கும். துளை அடைபடும். எதிர்ப்பக்கம் திருப்பினால் வாஷர் எழும், தண்ணீர் வரும். அவ்வளவுதான் அதன் ரகசியம்.

இந்தத் திருகு அமைப்புக்கு 1845இல் இங்கிலாந்தின் ராதரம் ஊரில் காப்புரிமை எடுத்தார்கள். அதற்கு முன் புழங்கியது, குறுக்கே துளை போட்ட ஒரு கட்டையைத் திருப்புகிற ரகம். பித்தளை அண்டாவின் அடியில் இருக்கும் பழைய குழாயைப் பார்த்திருந்தால் தெரியும். அதைச் சட்டென்று மூடிவிடலாம். ஆனால் பைப்பில் வேகமாக ஓடிவருகிற தண்ணீர் திடீரென்று முட்டினால் பைப்பே அதிரும். மெல்ல மெல்ல மூடுகிற திருகு அந்தத் தொல்லையைத் தீர்த்தது.

ஆக, இதுவரை மூன்றே சொற்கள்: சீட், ஸ்பிண்டில், வாஷர். இரண்டு முகங்கள் நன்றாகப் பொருந்தினால் தண்ணீர் நிற்கும். கைப்பலத்துக்கு இதில் எவ்வளவு பங்கு என்று அடுத்துப் பார்ப்போம்.

## ஒரு பால் பாக்கெட் போதும்

தண்ணீரின் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. 10 மீட்டர் உயரத் தண்ணீர், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறக்குறைய 1 கிலோ எடையை வைக்கும். தரைத்தளம் மட்டும் உள்ள வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் குளியலறைக் குழாய்க்கும் நடுவே 4 மீட்டர். அப்படியானால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.4 கிலோ. சீட்டின் துளை 12 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அதன் பரப்பு 1 சதுர சென்டிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். பெருக்கிப் பாருங்கள்: தண்ணீர் வாஷரை மேலே தள்ளுகிற விசை அரைக் கிலோகூட இல்லை. கணக்குப்படி, ஒரு அரை லிட்டர் பால் பாக்கெட்டை அந்த வாஷர் மேல் வைத்தாலே தண்ணீர் நின்றுவிட வேண்டும்.

நாம் வைப்பது எவ்வளவு? திருகு என்பது விசையைப் பெருக்குகிற கருவி, கார் ஜாக்கி மாதிரி. கைப்பிடியை ஐந்து கிலோ விசையோடு முறுக்கினால், உராய்வில் வீணாவது போக, வாஷர் மேல் ஐம்பது கிலோவுக்குக் குறையாமல் இறங்கும். பால் பாக்கெட் வைக்க வேண்டிய இடத்தில் அரிசி மூட்டை. என் உள்ளங்கையில் பிளம்பர் வைத்த வாஷரில் இருந்த அந்த வட்டப் பள்ளம், ஒரு வருஷமாக அம்மாவும் நானும் மாறி மாறி ஏற்றிய மூட்டைகளின் தழும்பு. கடைசியில் ஸ்பிண்டிலின் மரையே, அதாவது திருகுப் புரியே, தேய்ந்து வழுக்கிவிட்டது.

## முதல் சொட்டு எங்கிருந்து வருகிறது

ரப்பர் நாளாக ஆக விறைக்கும். தொட்டியிலிருந்து வரும் பொடி மணல் சீட்டின் மேல் உட்காரும். இரண்டில் ஒன்று போதும், வாஷருக்கும் சீட்டுக்கும் இடையே மயிரிழை வழி ஒன்று திறந்துகொள்ளும். அந்த வழியே தண்ணீர் இருபத்துநான்கு மணி நேரமும் பீறிட்டுக்கொண்டிருக்கும். மணலோடு சேர்ந்த அந்தப் பீச்சல் ஒரு குட்டி அரம் மாதிரி. மெத்தென்ற ரப்பரை மட்டும் அது அரிப்பதில்லை, பித்தளைச் சீட்டிலும் குறுக்கே ஒரு கோடு போட்டுவிடும். கோடு விழுந்த சீட்டில் புது வாஷர் போட்டாலும் சொட்டும். "போன மாசம்தான் வாஷர் மாத்தினேன், மறுபடியும் சொட்டுது" என்று புலம்புகிறவர்கள் வீட்டில் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

சொட்டுதானே என்று விடுகிறவர்களுக்காக ஒருமுறை அளந்து பார்த்தேன். விநாடிக்கு ஒரு சொட்டு விழுந்த குழாய்க்கு அடியில் 200 மில்லி டம்ளரை வைத்தேன். நிறைய 40 நிமிஷம் ஆயிற்று. ஒரு நாளைக்கு 36 டம்ளர், அதாவது 7 லிட்டருக்கு மேல். ஒரு மாதத்துக்கு 200 லிட்டரைத் தாண்டுகிறது. ஒரு பெரிய நீல டிரம் நிறையத் தண்ணீர்.

சுருக்கமாக: தொட்டித் தண்ணீரை நிறுத்தச் சின்ன விசை போதும். அதிகம் முறுக்க வேண்டியிருக்கிறது என்றால் வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். அதை அப்படியே விட்டால் அடுத்தது சீட் போகும். சீட் போனால் குழாய் போகும்.

## பவுடர் டப்பா மூடி

இப்போது கடைகளில் கிடைப்பதில் பெரும்பகுதி கால் சுற்றுக் குழாய். கைப்பிடியைக் கால்வட்டம் திருப்பினால் முழுக்கத் திறந்துவிடும். இதற்குள் மேலே சொன்ன வாஷரும் சீட்டும் கிடையாது.

முகத்துக்குப் போடுகிற பவுடர் டப்பாவின் மூடியைப் பாருங்கள். துளைகள் போட்ட இரண்டு தட்டு, ஒன்றன் மேல் ஒன்று. மேல்தட்டைத் திருப்பினால் துளையும் துளையும் நேராக வந்து பவுடர் கொட்டும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் துளை மறைந்துவிடும். கால் சுற்றுக் குழாய்க்குள்ளும் அப்படித்தான் இரண்டு வட்டுகள். ஒன்று அசையாது, மற்றொன்று கைப்பிடியோடு சுழலும். இந்த வட்டுகளையும் அவற்றைச் சுழற்றும் தண்டையும் ஒரே கூட்டில் அடைத்த உறுப்புக்குக் கார்ட்ரிட்ஜ் என்று பெயர்.

பவுடர் டப்பாவில் தண்ணீரை ஊற்றினால் ஒழுகுமே, இதில் எப்படி ஒழுகாமல் இருக்கிறது? நனைந்த இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பிரிக்கப் பார்த்திருக்கிறீர்களா? பக்கவாட்டில் நகரும்; ஆனால் மேலே தூக்கினால் வராது. இரண்டு பரப்பும் அவ்வளவு சமதளமாக இருப்பதால் நடுவே காற்று நுழைய இடமில்லை. குழாய் வட்டுகளை அதைவிடவும் நுட்பமாக இழைத்திருப்பார்கள். அவை அலுமினா என்ற செராமிக்கால் ஆனவை. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கிற மோஸ் அளவுகோலில் வைரம் 10, இந்த அலுமினா ஏறக்குறைய 9, ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. மணல் அதைச் சுலபத்தில் கீற முடியாது.

பின்னே செராமிக் குழாய் ஏன் ஒழுகுகிறது? பெரும்பாலும் வட்டு தேய்ந்ததால் இல்லை. வட்டுக்குக் கீழே கார்ட்ரிட்ஜைக் குழாய் உடம்போடு அடைக்கிற ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது, அது விறைத்திருக்கும். அல்லது இரண்டு வட்டுக்கும் நடுவே ஏதாவது சிக்கி ஆப்பு மாதிரி தூக்கிக்கொண்டிருக்கும். புது வீட்டில் குடிபுகுந்த முதல் வாரத்திலேயே விலையுயர்ந்த குழாய் ஒழுகுவதற்கு இதுதான் வழக்கமான காரணம். பைப் அறுத்த பிளாஸ்டிக் சீவல், சிமெண்டுத் துணுக்கு, டெப்லான் நூல் எல்லாம் பைப்புக்குள் கிடக்கும். குழாயை மாட்டுவதற்கு முன் இரண்டு வாளி தண்ணீரைச் சும்மா திறந்து ஓடவிட்டிருந்தால் வந்திருக்காத வினை. வீட்டு வேலை முடிகிற அவசரத்தில் இதை யாரும் செய்வதில்லை. நீங்கள் பக்கத்தில் நின்று செய்யச் சொல்லுங்கள்.

## ஒழுகுகிற இடமே நோயைச் சொல்லும்

கையில் ஸ்பேனரை எடுக்குமுன் குழாயை ஒரு துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஈரம் முதலில் எங்கே எட்டிப்பார்க்கிறது என்று பாருங்கள்.

மூடிய பிறகும் வாய் வழியாகச் சொட்டினால் வாஷர், சீட் அல்லது கார்ட்ரிட்ஜ். வேறெதுவும் இல்லை.

திறந்திருக்கும்போது மட்டும் கைப்பிடியின் கழுத்தில் கசிந்தால் ஸ்பிண்டிலைச் சுற்றியிருக்கும் அடைப்பு தளர்ந்துவிட்டது. திருகு குழாயில் அந்த இடத்தில் ஒரு சிறு நட்டு இருக்கும், கிளாண்டு நட்டு என்பார்கள். அதைச் சற்றே இறுக்கினால் பாதி நேரம் நின்றுவிடும். நிற்காவிட்டால் நட்டைத் தூக்கிவிட்டு, டெப்லான் டேப்பைக் கயிறு மாதிரி முறுக்கித் தண்டைச் சுற்றிப் போட்டு மறுபடி இறுக்கலாம்.

குழாய் சுவரோடு சேருகிற இடத்தில் ஈரம் வந்தால் அது மரையில் கசிவு. டெப்லானின் உண்மையான இடம் இதுதான். மரைக்கும் மரைக்கும் நடுவே உள்ள சுருள் இடுக்கை அடைப்பதே அதன் வேலை. வாய் வழியாகச் சொட்டுகிற குழாயைக் கழற்றி டெப்லான் சுற்றி மாட்டுவது, தலைவலிக்குக் காலில் தைலம் தேய்க்கிற கதை.

சொட்டு ஏதுமில்லை, ஆனால் தண்ணீர் நூல் மாதிரி வருகிறதா? வாயின் நுனியைப் பாருங்கள். காற்றைக் கலந்து தண்ணீரை நுரை மாதிரி விழவைக்கிற ஒரு சல்லடை இருக்கும். புத்தகப் பெயர் ஏரேட்டர். கடையில் 'ஃபோம் ஃப்ளோ' என்று கேட்டால் தருவார்கள். போர் தண்ணீர் வீடுகளில் இதன் கண்கள் சுண்ணாம்புப் படிவத்தால் அடைத்துக்கொள்ளும். கழற்றி வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்தால் போதும். இதற்காகக் குழாயையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

திறந்தால் ஊளையிடுகிற குழாய் ஒன்று உண்டு. வாஷர் தன் இடத்தில் தளர்ந்து, தண்ணீர் வேகத்தில் படபடக்கிறது. புது வாஷர் போட்டால் ஊளை அடங்கும்.

## வாஷர் மாற்றும் வேலை

நீங்களே செய்யலாம். கால் மணி நேர வேலை. முதல் தடவை ஒரு மணி நேரம் ஆகும்.

தண்ணீரை நிறுத்துங்கள். வாஷ் பேசினுக்கு அடியில் ஆங்கிள் வால்வு இருக்கும். குளியலறைச் சுவர்க் குழாய்க்குப் பெரும்பாலும் மாடியில் இருக்கிற கேட் வால்வுதான் கதி. வருஷக்கணக்கில் தொடாத கேட் வால்வு முழுக்க மூடாது. அதனால் மூடிய பின் குழாயைத் திறந்து, தண்ணீர் ஓய்கிறதா என்று பார்த்துவிட்டே கைவையுங்கள். கீழே இருக்கும் சாக்கடை ஜாலி மேல் ஒரு துணியைப் போடுங்கள். கைப்பிடித் திருகு எப்போதும் அந்த ஓட்டைக்குள்தான் விழும்.

கைப்பிடியின் உச்சியில் ஒரு வில்லை இருந்தால் நெம்பி எடுங்கள். அடியில் திருகு இருக்கும். கைப்பிடியைக் கழற்றியதும் தெரிகிற பெரிய நட்டில் ஸ்பேனரை மாட்டுங்கள். இங்கேதான் புதியவர்கள் தப்பு செய்கிறார்கள். ஒரு கையால் மட்டும் நட்டைத் திருப்பினால், பிடிவாதமான நட்டு அசையாமல் குழாயே சுவருக்குள் திரும்பும். உள்ளே இருக்கிற மரை இளகினால் சுவர் ஊறும், டைல்ஸ் உடைக்க வேண்டிவரும். ஆகவே குழாயின் உடம்பை இன்னொரு ரெஞ்சால் பிடித்துக்கொண்டு, நட்டை மட்டும் இடப்பக்கமாகத் திருப்புங்கள். ரெஞ்சுக்கும் குழாய்க்கும் நடுவே துணி இருந்தால் மினுக்கு போகாது.

ஸ்பிண்டில் மொத்தமாக வெளியே வரும். அதன் அடியில் வாஷர் இருக்கும். சில குழாய்களில் வாஷரும் அதைத் தாங்குகிற சிறு பித்தளைக் குமிழும் தனியாகச் சீட்டின் மேலேயே கிடக்கும். பழையதைக் கடைக்குக் கொண்டுபோய், அதே அளவில் வாங்குங்கள். "அரை இஞ்ச் வாஷர்" என்றால் தருவார்கள், ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. அரை இஞ்ச் என்பது பைப்பின் உள்விட்டத்தை ஒட்டி வந்த பெயர். குழாயின் மரையை அளந்தால் வெளிவிட்டம் 21 மில்லிமீட்டர் வரும், கிட்டத்தட்ட முக்கால் இஞ்சைத் தாண்டும். ஸ்கேல் வைத்து அளந்து "முக்கால் இஞ்ச்" வாங்கிவந்து விழித்திருக்கிறேன்.

புது வாஷரைப் போடுமுன் சுட்டுவிரலை உள்ளே விட்டுச் சீட்டின் விளிம்பை ஒரு சுற்றுத் தடவுங்கள். வழவழவென்று இருந்தால் நல்லது. நகம் எங்காவது தட்டினால் அங்கே பள்ளம் இருக்கிறது. அந்தச் சீட்டைச் சமமாக இழைக்க ஒரு கருவி உண்டு, சில பிளம்பர்களிடம் இருக்கும். இல்லையென்றால் வாஷரில் காசைப் போடாமல் குழாயை மாற்றுங்கள்.

திரும்ப மாட்டும்போது ஒன்று: ஸ்பிண்டிலைத் திறந்த நிலைக்குத் திருப்பிவிட்டு மாட்டுங்கள். மூடிய நிலையில் மாட்டினால் நட்டு உட்காருமுன்பே வாஷர் சீட்டில் இடித்து நசுங்கும். வண்டி கிரீஸ், எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். பல ரப்பர்களை அது ஊதவைத்துவிடும். தடவியே ஆகவேண்டுமென்றால் சிலிகான் கிரீஸ்.

செராமிக் குழாயில் இந்த வேலை இன்னும் சுலபம், பொருள் தேடுவதுதான் கஷ்டம். கார்ட்ரிட்ஜை எடுத்துக் கழுவி, ரப்பர் வளையத்தைப் பார்த்து, மணல் இருந்தால் நீக்கி மாட்டிப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் பழையதைக் கையோடு கடைக்கு எடுத்துப்போங்கள். கைப்பிடி மாட்டுகிற நுனியில் இருக்கும் பற்களின் எண்ணிக்கை ஒத்துப்போக வேண்டும். இடப்பக்கம் திறப்பது, வலப்பக்கம் திறப்பது என்று இரண்டு வகை வேறு உண்டு.

இதுவரை சொன்னதைக் கோத்துப் பார்த்தால்: இடத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடி, தண்ணீரை நிறுத்து, உடம்பைப் பிடித்துக்கொண்டு நட்டைத் திருப்பு, சீட்டைத் தடவிப் பார்.

## கடையில் நிற்கும்போது

இனி தரம். கடைக்காரர் குழாயை உங்கள் கையில் கொடுத்து, "வெயிட்டைப் பாருங்க சார்" என்பார். எடை ஒரு சாட்சிதான், தீர்ப்பில்லை. மலிவுக் குழாய்களை வார்க்கப் பயன்படும் துத்தநாகக் கலவையும் கனமானதே. ஒரே அளவுத் துண்டு பித்தளையில் 100 கிராம் என்றால் துத்தநாகக் கலவையில் 80 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெவ்வேறு வடிவில் இரண்டு குழாயை இரண்டு கையில் பிடித்து இந்த வித்தியாசத்தை யாரும் சொல்ல முடியாது. ஒன்று மட்டும் உறுதி: தக்கை மாதிரி லேசாக இருந்தால் சுவர் மெலிசாக வார்த்திருக்கிறார்கள்.

காந்தம் இன்னும் மோசம். பித்தளையில் ஒட்டாது, துத்தநாகத்தில் ஒட்டாது, நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலும் பெரும்பாலும் ஒட்டாது, பிளாஸ்டிக்கிலும் ஒட்டாது. இரும்பை மட்டுமே அது காட்டிக்கொடுக்கும். குழாயை யாரும் இரும்பில் செய்து விற்பதில்லை.

நான் பார்ப்பது இவை. குழாயைக் கவிழ்த்து மரைப் பக்கத்து வாய்க்குள் பார்ப்பேன். முலாம் படாத இடத்தில் பித்தளையின் மஞ்சள் தெரிய வேண்டும். சாம்பல் நிறம் தெரிந்தால் வைத்துவிடுவேன். துத்தநாகக் கலவை மரையில்தான் முதலில் விரியும், முறிந்தால் பாதி சுவருக்குள் நிற்கும். கைப்பிடி மட்டும் துத்தநாகமாக இருப்பது நல்ல குழாய்களிலும் உண்டு, அதில் தண்ணீர் அழுத்தம் இல்லை என்பதால் பரவாயில்லை. அப்புறம் மரை: கூராக, ஒரே சீராக வெட்டியிருக்கிறதா, ஓரத்தில் பிசிறு இருக்கிறதா.

கைப்பிடியைப் பத்துத் தடவை திறந்து மூடுவேன். ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே மாதிரி வழுக்க வேண்டும். பக்கவாட்டில் ஆட்டினால் லொடலொடக்கக் கூடாது. பிறகு கடையின் டியூப் லைட் பிம்பத்தைக் குழாய் உடம்பில் பார்ப்பேன். நேர்கோடாகத் தெரிந்தால் முலாமுக்கு முன் நன்றாக இழைத்திருக்கிறார்கள். அலையலையாகத் தெரிந்தால் இல்லை.

பளபளப்பைப் பற்றி ஒன்று. மேலே மின்னுவது குரோமியம். அதன் கனம் வழக்கமாக ஒரு மைக்ரான்கூட இராது. மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அடியில் இருக்கும் தடித்த நிக்கல் பூச்சுதான் உண்மையில் பித்தளையைக் காக்கிறது. குளியலறை கழுவுகிற ஆசிட்டைக் குழாய் மேல் ஊற்றினால் அந்த மெல்லிய குரோமியத்தை அது கரைத்துவிடும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குழாயும் ஆசிட்டுக்கு ஒன்றுதான். சோப்புத் தண்ணீரும் துணியும் போதும்.

ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் அதற்கு மேலே உள்ள எண்ணைப் படியுங்கள். ஐ.எஸ். 781 என்பது வார்ப்புப் பித்தளைத் திருகு குழாய்களுக்கான தரம். ஐ.எஸ். 8931 அலங்காரக் குழாய்களுக்கு. ஐ.எஸ். 9763 பிளாஸ்டிக் குழாய்களுக்கு. முத்திரைக்குக் கீழே உரிம எண் இருக்கும், அதை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டால் உரிமம் யாருடையது என்று காட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி இருக்கிறது. "இதுக்குள்ள இருக்கற கார்ட்ரிட்ஜ் தனியா கிடைக்குமா? ஒண்ணு இப்பவே எடுத்துக் காட்டுங்க." எடுத்துக் காட்டினால் அந்தக் குழாய்க்கு ஆயுள் உண்டு. "அதெல்லாம் போகவே போகாது சார்" என்று பதில் வந்தால் அடுத்த கடைக்குப் போய்விடுவேன்.

## உங்கள் தண்ணீருக்கு எந்தக் குழாய்

கடலோரத்து உப்புப் போர் தண்ணீரில் பித்தளைக்கும் ஒரு நோய் வரும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்பு, துத்தநாகத்தை மட்டும் மெல்ல அரித்து எடுத்துவிட்டு, செம்பைக் கடற்பஞ்சு மாதிரி விட்டுவைக்கும். மஞ்சள் உலோகம் ஆங்காங்கே சிவந்து, விரலால் தட்டினால் உதிர்கிற நிலைக்கு வந்துவிடும். இப்படிப்பட்ட வீடுகளில் தோட்டத்துக்கும் துணி துவைக்கிற இடத்துக்கும் நல்ல பிளாஸ்டிக் குழாய் போடுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. தெருவோரக் குழாய்க்கும் அதுவே பொருத்தம். பழைய இரும்புக் கடையில் விலைபோகாத குழாயை யாரும் இரவில் கழற்றிக்கொண்டு போவதில்லை. வெயில் நேராகப் படுகிற இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் நாளாவட்டத்தில் நொறுங்கும்.

பித்தளையைக் கடைவது எளிதாக இருக்க அதில் கொஞ்சம் ஈயம் சேர்ப்பது வெகுநாள் வழக்கம். அமெரிக்காவில் 2014 முதல் குடிநீர்க் குழாய்களில் தண்ணீர் படும் பகுதியின் சராசரி ஈயம் 0.25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று சட்டம். இரவு முழுக்கக் குழாய்க்குள் நின்ற முதல் டம்ளர் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு அடுத்ததைப் பிடிப்பது என் பழக்கம்.

அழுத்தத்தையும் யோசியுங்கள். நாலு மீட்டர் உயரத் தொட்டி கொடுக்கிற அழுத்தத்துக்கும், பத்து மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் கிடைக்கிற 30 மீட்டர் அழுத்தத்துக்கும் ஏழெட்டு மடங்கு வித்தியாசம். வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தருகிற ஒற்றைக் கைப்பிடிக் குழாய்க்கு மிக்ஸர் என்று பெயர். அதிக அழுத்தத்தை நம்பி வடிவமைத்த வெளிநாட்டு மிக்ஸர், தொட்டிக்கு நேர் கீழே இருக்கிற மேல்தளத்தில் முழுக்கத் திறந்தாலும் சொட்டுச் சொட்டாகத்தான் அழும். குழாய் கெட்டதில்லை, இடம் பொருந்தவில்லை. வாங்குமுன் உங்கள் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கடையில் சொல்லிக் கேளுங்கள்.

கொல்லைப்புறத்தில் இப்போது இருப்பது புதுக் கால் சுற்றுக் குழாய். அம்மா இன்னும் பழக்க தோஷத்தில் தலைப்பைப் போட்டுத் திருப்பப் பார்க்கிறார். கால்வட்டத்தில் அது முட்டி நின்றுவிடுகிறது. கழற்றிய பழைய வாஷரையும், புதுக் குழாய்க்கு முன்கூட்டியே வாங்கிய ஒரு கார்ட்ரிட்ஜையும் ஒரு கவரில் போட்டு, மெயின் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவைத்திருக்கிறேன். கவரின் மேல் எந்தக் குழாய், என்றைக்கு மாட்டியது என்று எழுதியிருக்கிறது.